எந்தப் பக்கத்து ரத்தம்

பிள்ளைக் காம்பராவின் நடுவில் இரண்டு கதிரைகள். ஒன்றில் என் அப்பா. மற்றதில் அம்மாவின் அண்ணன் காளிமுத்து மாமா. இருவரும் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

கலஹாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை. தொட்டில்களைச் சுருட்டிக் கூரை மரத்தில் கட்டிவிட்டிருந்தோம். ஆனாலும் பால்மா வாசனை போகவில்லை. அதன் மேல் நாங்கள் கொண்டுபோன ஸ்பிரிட் வாசனையும் ஏறியது. இன்றைக்கும் அந்த இரண்டும் சேர்ந்து எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

என் தோழி ஸரீனாதான் ரத்தம் எடுத்தாள். சொந்தக்காரருக்கு ஊசி போடாதே என்று எங்கள் டியூட்டர் எனக்குச் சொல்லியிருந்ததால், நான் பஞ்சை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்பாவின் ரத்தம் குழாயில் ஏறியது. பிறகு மாமாவின் ரத்தம். மாமா இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மச்சான், ஒங்களது கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கு" என்றார்.

"வெளிச்சம் இந்தப் பக்கம் அடிக்குது" என்றார் அப்பா.

ஜன்னல் நிறையத் தலைகள். வாசலிலும் தலைகள். மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று இரண்டு வீட்டு வரிசையும் காலி. எந்த மருத்துவ முகாமுக்கும் அதற்குமுன் எங்கள் தோட்டத்தில் அப்படிக் கூட்டம் வந்ததில்லை. வந்தவர்களெல்லாம் உடல்நலத்தில் அக்கறை கொண்டு வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். மாமனும் மச்சானும் போட்ட பந்தயத்தில் யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள் அவர்கள்.

அந்தப் பந்தயம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், கண்டிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

நாலு அறை

போன வாரம் இந்தப் பத்தியில் விடுதிப் பருப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தப் பருப்பைத் தின்றுவிட்டு மத்தியானத்தில் உட்காரும் வகுப்புகள்தான் கொடுமையானவை. மரபியல் பாடம் அப்படி ஒரு மத்தியானத்தில்தான் வந்தது. தாதியர் பயிற்சியில் எங்களுக்கு இரண்டாம் வருஷம். காய்ச்சல் பார்க்கவும் கட்டுப் போடவும் படிக்கவந்த எங்களுக்கு இது எதற்கு என்று எல்லோருக்கும் எண்ணம். அது பாடத்திட்டத்தில் ஒரு மூலையில் கிடந்த சின்னப் பகுதி. தூங்கிக்கொண்டே கடந்துவிடலாம் என்றுதான் நினைத்தோம்.

ஆனால் அதை எடுத்தவர் சிவபாக்கியம் மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவராக இருப்பார். அவருடைய வகுப்பில் தூங்கினால் எழுப்ப மாட்டார்; தூங்குகிறவளுக்கு முன்னால் போய் நின்று, அவள் தானாக விழிக்கும்வரை பாடத்தை அங்கேயிருந்தே நடத்துவார். விழித்தவள் பிறகு ஆயுளுக்கும் தூங்கமாட்டாள்.

விரிவுரை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடக்கும். தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் ஒரு கைப்பிடிதான். முடிந்த பிறகு எங்களை மட்டும் நிறுத்திவைத்து மிஸ் தமிழில் சொல்வார். அன்று பலகையில் ஒரு சதுரம் போட்டு, அதை நாலாகப் பிரித்தார். மேலே அப்பா, பக்கத்தில் அம்மா. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு மரபணு இருக்கும். பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். எதைக் கொடுப்பார்கள் என்பது அவர்கள் கையில் இல்லை.

எனக்கு அந்தச் சதுரம் லயத்து அறைகள் மாதிரித் தெரிந்தது. நாலு அறை, நாலு குடும்பம். அப்படி நினைத்த பிறகு பாடம் எனக்கு மறக்கவேயில்லை.

இரண்டு பேரிடமும் ஒரே பழுது ஒளிந்திருந்தால் நாலில் ஓர் அறைக்குள் நோய் வந்து உட்காரும் என்றார் மிஸ். சொந்தத்துக்குள் கலியாணம் செய்கிறவர்களிடம் ஒரே பழுது ஒளிந்திருக்கும் வாய்ப்புக் கூடுதல் என்றும் சொன்னார். உடனே பின் வரிசையில் ஒரு சிரிப்பு. எங்களில் பாதிப் பேருக்கு ஊரில் மச்சான்மார் காத்திருந்தார்கள். என்னையும் சேர்த்து.

வருத்தமில்லை

நான் சின்ன வயதிலிருந்தே இரும்பு மாத்திரை தின்று வளர்ந்தவள். வெளுத்த முகம். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்று சொல்லி, ஒரு பொட்டலம் மாத்திரை கொடுப்பார்கள். அம்மா அதோடு முருங்கைக்கீரையும் கொடுப்பாள். இரண்டும் எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. மாத்திரை நாக்கைக் கறுப்பாக்கியதுதான் மிச்சம்.

ரத்தப் பரிசோதனை பற்றிய செய்முறை வகுப்பில் ஒருவர் ரத்தத்தை மற்றவர் எடுத்துப் பழகினோம். எடுத்ததை வீணாக்காமல் ஆய்வுகூடத்தில் பார்த்தும் கொடுத்தார்கள். என் சிவப்பணுக்கள் அளவில் மிகச் சின்னவை என்று வந்தது. பிறகு இன்னொரு சோதனை. அது முடிந்ததும் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இஞ்ச இரும் புனிதா. உமக்குத் தலசீமியாக் காவி எண்டு வந்திருக்கு. இது வருத்தமில்லை. விளங்கினதே?"

யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். எங்கள் பக்கத்தில் வருத்தம் என்றால் கவலை. மிஸ் நோயில்லை என்று சொன்னதை நான் கவலைப்படாதே என்று எடுத்துக்கொண்டேன். இரண்டுமே சரிதான்.

தலசீமியா பரம்பரையாக வரும் ரத்த நோய்; எனக்குள் இருக்கும் இரண்டில் ஒன்று பழுது, மற்றது நல்லது. நல்லது இருக்கும்வரை நான் நூறு வயதுவரை நடமாடலாம். ஆனால் என்னைப் போலவே இன்னொரு காவியைக் கட்டினால், எங்களுக்குப் பிறக்கும் பிள்ளை இரண்டு பழுதையும் வாங்கிவிடலாம். அப்படிப் பிள்ளைகளை நான் வார்ட்டில் பார்த்திருந்தேன். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வரும் ஒரு சின்னப் பெண் எங்களுக்கெல்லாம் செல்லம். ஊசி ஏறும் கையை நீட்டிவைத்துவிட்டு மற்றக் கையால் படம் வரைவாள். அவள் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கலியாணம் ஏதும் பேசியிருக்கிறதா என்று மிஸ் கேட்டார். மாமா மகன் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு, அவரும் ஒருக்கால் ரத்தம் பார்ப்பது நல்லது என்று மட்டும் சொன்னார்.

காவி

அந்த வாரக் கடைசியில் கண்டியை ஒட்டிய பேராதனையில் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், நான் காவி என்று வந்திருக்கிறது அம்மா என்று தொடங்கிவிட்டேன். அம்மாவின் கை நின்றது.

"காவி கட்டப் போறியா? ஒனக்கு என்னடி கொற வச்சோம்?"

மகள் துறவியாகப் போகிறாள் என்று நினைத்து அம்மா அழுதே விட்டாள். நான் சாமியாராகப் போகவில்லை, நோயைக் காவுகிற, அதாவது சுமக்கிற ஆளைத்தான் காவி என்பார்கள் என்று புரியவைப்பதற்குள் ரொட்டி ஒன்று கருகிவிட்டது. புரிந்த பிறகு அவள் இன்னும் அழுதாள். அதற்குள் சத்தம் கேட்டு அப்பா வந்தார். அப்பாவுக்குப் பின்னால், எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் காளிமுத்து மாமா வந்தார்.

மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிச் சீராக்குகிற ஆட்களுக்குக் கங்காணி. வருஷா வருஷம் காமன் கூத்தில் வீரபத்திரன் வேஷம் அவருக்குத்தான். அந்தக் குரலுக்கு வேறு வேஷம் கொடுக்க முடியாது. ரகசியம் சொன்னால்கூட அடுத்த மலைக்குக் கேட்கும்.

நான் இருவருக்கும் விளக்கினேன். அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோதான் இது எனக்கு வந்திருக்க வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், மாமா நிமிர்ந்தார்.

"எங்க வம்சத்துல இப்புடி ஒண்ணு கெடயாது. இது ஒங்க பக்கந்தான் மச்சான்."

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். யந்திரச் சத்தத்திலேயே இருந்து பழகியதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். தன்னுடைய தகப்பனார் கிழவனான பிறகும் கொழுந்து மூட்டை தூக்கியவர் என்றார். அதற்கு மாமா தன் தகப்பனாரின் வீரத்தைச் சொன்னார். அப்பா தன் பாட்டனாருக்குப் போனார். மாமா இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்வரை போனார். இரண்டு பரம்பரையும் எங்கள் அடுப்படியில் வந்து நின்று தோள் தட்டின. கடைசியில், ரத்தம் பார்த்தே தீர்த்துக்கொள்வோம் என்று பந்தயமும் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் இதுதான் பேச்சு. கடையில் இதுதான் பேச்சு. யார் பக்கத்து ரத்தம் என்று தோட்டமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. இதில் ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. மாமாவின் பக்கம் என்றால் அது அம்மாவின் பக்கம். அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ரொட்டி தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஸரீனா போட்ட மீசை

அந்த நேரத்தில்தான் சுகாதார மேம்பாட்டுப் பயிற்சிக்காக ஒவ்வொரு குழுவும் ஓர் ஊரைத் தெரிவு செய்ய வேண்டும் என்று வந்தது. பல் துலக்குவது, கை கழுவுவது, கொதித்தாறிய தண்ணீர் இவைதான் வழக்கமான தலைப்புகள். எங்கள் தோட்டத்தில் தலசீமியா பற்றிப் பேசி, விரும்புகிறவர்களுக்கு ரத்தம் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். மிஸ் என்னைப் பார்த்து, நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேனா என்று கேட்டார்.

யோசித்துத்தான் இருந்தேன். எங்கள் வீட்டுச் சண்டையில் என் பெயர் ஏற்கெனவே ஊரெல்லாம் திரிந்துகொண்டிருந்தது. அரைகுறையாகத் திரிவதைவிட முழுசாகத் திரியட்டும் என்று நினைத்தேன். தைரியம் என்று இப்போது சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எனக்கு வந்தது கோபம். கடைக்குப் போன என்னைப் பார்த்து ஒரு அக்கா தன் பிள்ளையை இடுப்பின் மற்றப் பக்கத்துக்கு மாற்றியதைக் கண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில் கூட்டத்துக்கு முன்னால் நின்று, முதல் வார்த்தையாகவே, நான் தலசீமியாக் காவி, எனக்கு நோயில்லை, தொட்டால் ஒட்டாது, தண்ணீரிலும் பரவாது என்றேன். ஸரீனா எனக்குப் பின்னால் மீசையோடு தயாராக நின்றாள். நாடகத்தில் அவள்தான் புருஷன்.

ஸரீனா கம்பளைக்காரி. தலையில் போட்டிருந்த துணியின் மேலேயே துண்டைக் கட்டி, அடுப்புக்கரியில் மீசை போட்டிருந்தாள். நான் பெண்சாதி. ஆளுக்கு இரண்டு வளையல். என்னிடம் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். அவளிடமும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்றைக் கழற்றிப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளையாக ஒரு தலையணை. இரண்டு நீலம் வந்தால்தான் நோய்.

முதல் பிள்ளைக்கு இரண்டு சிவப்பு. கூட்டம் சந்தோஷப்பட்டது. அடுத்ததற்கு ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மூன்றாவதற்கு இரண்டும் நீலம். முன்னால் இருந்த ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நாலாவது புள்ளைக்குப் பயமில்லையா மிஸ்ஸி? ஒண்ணுக்குத்தான் வந்துருச்சே?"

நர்ஸ்மாரைக் கூப்பிடுவது போல என்னை முதன்முதலாக மிஸ்ஸி என்று கூப்பிட்டது அவள்தான். கடையில் பிள்ளையை மாற்றிப் பிடித்த அதே அக்கா. எல்லா வளையல்களையும் திரும்பக் கையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தரமும் முதலில் இருந்துதான் அக்கா, போன பிள்ளையைப் பார்த்து இந்தப் பிள்ளைக்கு வருவதில்லை என்று காட்டினேன். அவள் நாலைந்து தரம் தானே கண்ணை மூடி வளையல் எடுத்துப் பார்த்தாள். பிறகுதான் கதிரைகளைப் போட்டோம். அப்பாவும் மாமாவும் முதலில் வந்து உட்கார்ந்ததும், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வரிசையில் நின்றதும் அதற்குப் பிறகுதான்.

யார் ஜெயித்தது

முடிவு வந்த நாளில் தேர்தல் முடிவுக்குக் காத்திருப்பது போல டிஸ்பென்சரிக்கு முன்னால் சனம். சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். மிஸ் படியில் நின்று, ஒருவருடைய ரத்தம் அவருக்கு மட்டும்தான் சொந்தம், உள்ளே தனித்தனியாகத்தான் சொல்வேன், யாரும் யாரிடமும் கேட்கவும் கூடாது என்றார். கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம். இருந்தாலும் போகவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா?

அப்பா உள்ளே போய் வந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. ஒரு பிளேன்டீயை வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார்.

மாமா போனார். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து படியில் நின்றார். அவர் சும்மா இறங்கிப் போயிருக்கலாம். மிஸ் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"எங்க பக்கந்தான்" என்றார் மாமா. பிறகு அவருடைய உண்மையான குரல் வந்தது. "எனக்கு என்ன கொற? இன்னிக்கும் எவனாச்சும் என்னோட கவ்வாத்து வெட்ட வாங்க பாப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. யாரோ ஒருவர் கை தட்டினார். அப்பா எழுந்து போய்த் தன் டீயை மாமாவின் கையில் கொடுத்தார். அப்போதுதான், முன்பே உள்ளே போய் வந்து கூட்டத்தின் கடைசியில் நின்ற அம்மா முன்னால் வந்தாள்.

"எனக்குந்தான் இருக்கு அண்ணே" என்றாள்.

அண்ணனும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமாவின் முகம் மாறியது அதற்குப் பிறகுதான். டீயைக் குடிக்காமல் என்னைப் பார்த்தார். அவர் கேட்க நினைத்தது எனக்குத் தெரியும். அவருடைய மகன் யோகராஜ் மச்சான் முகாமுக்கு வரவில்லை. பல்லேகலையில் ஒரு கார்மென்ட் தொழிற்சாலையில் அவருக்கு அன்று வேலை. மாமாவுக்கு இருந்தால் மகனுக்கு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மச்சான்

அடுத்த வாரமே மச்சான் ரத்தம் கொடுக்கப் பேராதனைக்கு வந்தார். பஸ் தரிப்பிடம்வரை கூட நடந்தேன். சிறு வயதிலிருந்து இவளுக்கு இவன் என்று சொல்லிச் சொல்லியே எங்களை நேருக்கு நேர் பேசவிடாமல் வளர்த்திருந்தார்கள். அவர் சட்டைக் கைக்குள் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். ஊசிக்குப் பயந்த ஆள் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"எனக்கும் இருந்தா வேணாம்னு சொல்லிருவியா?" என்று கேட்டார்.

படம் வரையும் பிள்ளை நினைவுக்கு வந்தாள். சொல்லிருவேன் மச்சான் என்றேன்.

அவர் வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பஸ்ஸும் வந்து போனது.

"நீ படிச்சவ. சொன்னா சரியாத்தான் இருக்கும். கொஞ்ச நாளைக்கு எனக்குச் சோறு எறங்காது. அவ்வளவுதான்."

அதைக் கேட்டுவிட்டு விடுதிக்கு நடந்த எனக்கு அன்றைக்கே சோறு இறங்கவில்லை. அதுவரை மாமா மகன் என்றிருந்தவர் அந்த ஒரு பேச்சில் எனக்கு வேண்டிய மனிதராகிவிட்டார். வேண்டும் என்று ஆன பிறகு இழப்பது பற்றிய பயமும் கூடவே வந்தது. பரீட்சைக்காக நாலு அறையை எத்தனையோ தரம் போட்டவள் நான். இப்போது எங்கள் பெயர் போட்டு வரைய என்னால் முடியவில்லை. ஸரீனா, என்ன முடிவு வந்தாலும் துஆ கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, பருப்பை என் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தன் கோப்பைக்கு மாற்றிக்கொண்டாள்.

முடிவை மிஸ் என்னிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தும், நாள் முழுதும் வார்ட்டில் என் பக்கத்தில் நின்றும், சொல்லவில்லை. விதி என்றால் விதிதான். அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. பிறகு நானும் டியூட்டராகி, அதே விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோதுதான், அந்த நாள் அவருக்கும் சுலபமாக இருந்திருக்காது என்று புரிந்தது.

சனிக்கிழமை, பார்வையாளர் வரும் நேரம். விடுதி வாசலில் மச்சான் நின்றார். வேலைக்குப் போடும் சட்டை. தலை நனைந்திருந்தது, மழை தூறிக்கொண்டிருந்தது. நான் படியிலிருந்து இறங்காமலேயே நின்றேன்.

"எனக்கு இல்லையாம்" என்றார்.

கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசியவள், அம்மாவைத் தேற்றியவள், பஸ் தரிப்பிடத்தில் சொல்லிருவேன் என்று சொன்னவள், அந்த இடத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டேன். வாசல் காவலாளி எங்களை மாறி மாறிப் பார்த்தார். மச்சானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இல்லை என்றுதானே சொன்னேன் என்று திரும்பவும் சொன்னார், எனக்குக் காது கேட்கவில்லை என்பது போல.

பசிக்கிறது என்றேன். உண்மையாகவே பசித்தது.

பக்கத்துத் தேநீர்க் கடையில் மீன் அடைத்த மாலுபாணும் பிளேன்டீயும் எடுத்தோம். நாங்கள் இருவரும் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மூன்றாவது மாலுபாணை எடுத்தபோது அவர் என்னைத் தடுக்கவில்லை. அவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. கேட்கலாமா என்று யோசித்து, காதுவரை சிவந்து, கேட்டார்.

"அப்ப நமக்குப் பொறக்குற புள்ளைக்கு?"

நோய் வராது என்றேன். ஒன்று உங்களை மாதிரி ஒன்றுமில்லாமல் இருக்கும், இல்லாவிட்டால் என்னை மாதிரிக் காவியாக இருக்கும், பாதிக்குப் பாதி என்று வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன்.

மச்சான் தேநீரை இரண்டு தரம் ஆற்றினார்.

"ஒன்ன மாதிரியே இருக்கட்டும்" என்றார்.

சுகாதார மேம்பாட்டுப் பரீட்சையில் யாராவது இப்படி விடை எழுதியிருந்தால் சிவபாக்கியம் மிஸ் சிவப்புப் பேனாவால் அடித்திருப்பார். நான் அடிக்கவில்லை.